தொட்டி நிறைந்துவிட்டது

எட்டு எண்ணுவதற்குள் தண்ணீர் விழும் சத்தம் நின்றுவிட்டது. வாஷிங்மெஷினின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் குழந்தையின் துணிகள் பாதி நனைந்தும் பாதி காய்ந்தும், சோப்புத்தூள் அப்பியபடி சோம்பலாகப் புரண்டுகொண்டிருக்க, அடியிலிருந்து ஈரச் சாக்கு போன்ற வாடை கசிந்து அவள் மூக்கில் ஏறியது. இப்படிச் சரியாக அலசாத துணி பட்டே குழந்தையின் கழுத்து மடிப்பில் தோல் உரிந்திருந்தது.

மதியம் தம்பி வந்தான். மெஷின் ரிப்பேர்தான் அவன் தொழில். பின்பக்கத்தைத் திறந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாயைக் காட்டினான். தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, இந்தக் குழாய்க்குள் அடைபட்ட காற்று அழுந்தும். அந்த அழுத்தம் உச்சியிலுள்ள சுவிட்சைத் தட்டியதும், தொட்டி நிறைந்துவிட்டதென்று மெஷின் தண்ணீரை நிறுத்திவிடும்.

சுவிட்ச் சரியாகவே இருந்தது. குழாயில் அடைப்பு இருக்குமோ என்று தொட்டியை நோக்கி ஊதினான். சற்றுப் பொறுத்து, அதே வழியாக வெதுவெதுப்பான காற்று திரும்பி வந்து அவன் கன்னத்தில் பட்டது.

“உன் மெஷின் ஏப்பம் விடுதுக்கா.”

அவள் சிரிக்கவில்லை. அவன் ஊதியது ஒருமுறை. திரும்பி வந்த காற்றில் அவன் முடி அசைந்தது இரண்டு முறை.

உள் உருளைக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே ஏதோ துணி சிக்கி இடத்தை அடைத்திருக்கும், அதனால்தான் கொஞ்சத் தண்ணீரிலேயே மட்டம் ஏறிவிடுகிறது என்றான். கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாது. அதை ஏமாற்ற, அவசரக்கார மெக்கானிக்குகள் செய்வதுபோலப் பூட்டின் துளைக்குள் ஸ்க்ரூடிரைவரைச் செருகி மெஷினை ஓடவிட்டான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையை உள்ளே விடச் சொன்னாள். சுற்றினால்தான் துணி எங்கே சிக்குகிறதென்று தெரியும் என்று சொல்லி, சுழலும் உருளையின் இடுக்கில் வலது கையை முழங்கைவரை நுழைத்துத் துழாவினான்.

“கிடைச்சிருச்சுக்கா. வழவழன்னு இருக்கு.” பிறகு குரல் இறங்கியது. “அக்கா, அது என் கையப் பிடிச்சிருக்கு.”

உருளை வேகமெடுத்தது. பச்சைக் கிளை முறிவதுபோல் அவன் தோள் முறிந்தது. அவள் பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினாள். உருளை நிற்கவில்லை.

“விட்றாதக்கா.”

இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். தலை உள்ளே போனது. தாடை விளிம்பில் மோதிப் பிளந்தது. பற்கள் தரையில் தெறித்தன. இழுத்தாள். இடுப்பு நழுவியது. முழங்கால். கணுக்கால்.

அவள் கையில் ஒரு செருப்பு.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு ஏறியது. கால்வாசி. பாதி. விளிம்புவரை.

உருளை நின்றது.

ஓர் உள்ளங்கை கண்ணாடியில் பதிந்தது. கிரீஸ் படிந்த, தம்பியின் இடது கை. அதன்மேல், விரலோடு விரல் கோத்தபடி இன்னொரு கை. நெடுநாள் ஊறி வெளுத்தது. விரல்நுனிகள் சுருங்கியிருந்தன.

இரண்டும் சேர்ந்து கதவைத் தள்ளின.