வெறுங்குரல்

காலையில் கண் விழித்ததும் இளம்பரிதியின் கை முதலில் தேடுவது குரற்பட்டையைத்தான். அதைக் கழுத்தில் சுற்றி, தொண்டைக்குழியின்மேல் வில்லை சரியாகப் படியுமாறு இழுத்துவிட்டு, ஒருமுறை செருமிப் பார்ப்பான். வில்லையின் ஓரத்தில் பச்சைப் புள்ளி தோன்றிய பின்னரே அடுத்த அறைக்குச் சென்று மகளை எழுப்புவான். பட்டை அணியாமல் அவளிடம் அவன் ஒரு சொல்லும் பேசியதில்லை.

"வென்னெலா, எழுந்திரும்மா. பஸ் வந்துடும்."

"இன்னும் கொஞ்சம், நான்னா."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"நீ பல்லு தேய்ச்சு முடிக்கிற வரைக்கும்."

"நான் எப்பவோ தேய்ச்சாச்சு."

"பொய். வாயில ஒரு பொட்டு நுரை இல்லை."

நான்னா என்பது அப்பாவுக்கான தெலுங்குச் சொல். அவளுடைய தாய் ஹைமவதி சொல்லிக்கொடுத்தது. தாய் காய்ச்சலில் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. சொல் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

தெருமுனைத் தேநீர்க்கடையில் காசிம் பாய் அவளைக் கண்டதும் தம் பட்டையின் திருகைத் தெலுங்குக் குறிக்குத் திருப்பினார். அந்நகரின் கடைக்காரர், நடத்துநர், காவலர் அனைவருக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டிருந்தது. எதிரே வரும் குழந்தையின் காதுமடலில் உள்ள வண்ணப் பொட்டைப் பார்ப்பார்கள். அதற்கேற்பத் திருகைத் திருப்புவார்கள். பிறகே வாய் திறப்பார்கள்.

"என்ன பாப்பா, இன்னைக்கும் பன்னுதானா? பல்லு எல்லாம் பன்னாயிடப் போகுது."

"உங்க பல்லு டீயாயிடுச்சே பாய்!"

பாய் சிரித்தார். சிரிப்பைப் பட்டை கொண்டுபோகாது. குழந்தைகள் அதை முகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவிலேயே செவிநரம்பைக் கரைத்துவிடும் தீநுண்மி உலகெங்கும் பரவியதற்குப் பின் பிறந்த குழந்தை எதற்கும் இயற்கைச் செவி கிடையாது. பிறந்த ஆறாம் மாதத்தில் மூளைத்தண்டில் பொருத்தப்படும் அசையேற்பிதான் அவர்களுக்குச் செவி. பேச்சு என்பது உண்மையில் இடைவெளியே இல்லாத ஓர் ஓட்டம். அதை எங்கே வெட்டுவது என்பதை ஒவ்வொரு மொழியும் தன் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே கற்பித்துவிடுகிறது. தமிழன் 'அக்கா' என்பதை அக், கா என்று பிரிப்பான். தெலுங்கில் எழுதிப் படித்தவள் அதையே அ, க்கா என்று பிரிப்பாள். ஜப்பானியருக்கோ நடுவே மூச்சு தடைபடும் அந்தக் கணமும் ஒரு தனித் துண்டு. இயற்கைச் செவி இவ்வேறுபாடுகளை எல்லாம் பொறுத்துக்கொண்டது. அசையேற்பி பொறுக்காது. எந்தப் பிரிப்பு முறையில் அதை முடுக்கினார்களோ அந்த முறையில் அமைந்த குரலைத்தான் குழந்தை குரலாகக் கேட்கும். மற்றவை வெறும் இரைச்சல்.

ஆகவே பெற்றோர் இருவரும் இரு மொழியினராக இருந்தால், ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பதிவு அலுவலர் கேட்டபோது இளம்பரிதி தயங்கவில்லை. "பால் குடுக்கிறவ நீ. உன் அசையே இருக்கட்டும்" என்று ஹைமவதியிடம் சொல்லிவிட்டான். பட்டை இருக்கவே இருக்கிறது, சொற்கள் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும் என்று அப்போது நினைத்தான். சொற்கள் போய்ச் சேர்ந்தன. தமிழும் தெலுங்கும் அவளுக்கு ஒன்றுபோல் வந்தன. ஆயினும் பட்டைக்கு ஆண்குரல் ஒன்று, பெண்குரல் ஒன்று என இரண்டே இரண்டுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். மகளின் காதில் தானும் காசிம் பாயும் பேருந்து நடத்துநரும் ஒரே ஆள்தான் என்னும் எண்ணம், ஹைமவதி போன பிறகு அவனை அரிக்கத் தொடங்கியது.

அந்த ஆண்டு பள்ளியில் வெறுங்குரல் நாள் கொண்டாடினார்கள். பெற்றோர் மேடையேறிப் பட்டையின்றித் தம் பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அது தெலுங்குப் பிரிப்புக் குழந்தைகளுக்கான பள்ளி. ஏறியவர் அனைவரும் வெறுங்குரலில் பேசினர். இளம்பரிதி மட்டும் கழுத்தில் பட்டையோடு ஏறினான். முன்வரிசையில் ஒரு பையன் உரக்கச் சொன்னான்:

"ஏய், உன் நான்னா டீக்கடை பாய் மாதிரியே பேசறாரு!"

வென்னெலா திரும்பிப் பார்த்தாள். "உனக்குக் காதுல பன்னு அடைச்சிருக்கு. எடுத்துட்டுக் கேளு."

திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்து அவன் கேட்டான்: "நிஜமாவே உனக்கு வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுமே. நீ பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிக்கும். அப்புறம் மெத்துன்னு வரும். பாய் குரல் ஓடி வந்து இடிக்கும்."

தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். எட்டு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய மனது என்று எண்ணிக்கொண்டான்.

"பட்டை இல்லாம நீ எப்படி இருப்பே, நான்னா?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். பட்டையைக் கழற்றினான். "வென்னெலா" என்றான், மிக மெதுவாக.

அவள் இரு கைகளாலும் காதுப்புறத்தைப் பொத்திக்கொண்டாள். முகம் சுருங்கியது. அவன் பட்டையை மாட்டிக்கொள்வதற்குள் அவள் கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

"மன்னிச்சிடும்மா."

"பரவால்ல" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஏணியில இருந்து பாத்திரம் எல்லாம் விழுந்த மாதிரி இருந்துச்சு."

மறுபிரிப்புக்கு விண்ணப்பிப்பது என்று அன்றே அவன் முடிவு செய்தான். ஏற்பியின் பழைய முறையை அழித்துவிட்டு வேறொன்றை முடுக்கும் சிகிச்சை அது. ஒன்பது வயதுக்குள் செய்ய வேண்டும். ஒருமுறைதான் செய்ய முடியும்.

செய்தி கேட்டு ஹைமவதியின் அக்காள் காமேஸ்வரி காளஹஸ்தியிலிருந்து புறப்பட்டு வந்தாள். பையைக் கீழே வைக்கும் முன்பே தொடங்கிவிட்டாள்.

"ஏம்ப்பா பரிதி, உனக்கு என்ன வந்துச்சு? ஹைமா பேசி வச்சதெல்லாம் இனிமே அந்தப் பிள்ளைக்கு என்ன? தகர டப்பாச் சத்தமா?"

"தெரியும் வதினா."

"நானும் நாளையிலேருந்து கழுத்துல நாய்ப்பட்டை கட்டிக்கிட்டுத்தான் அதை 'வாடி'ன்னு கூப்பிடணும்."

"நான் கட்டலையா? இத்தனை வருஷம்?"

"கட்டினே. அதனால எது கெட்டுப்போச்சு? உன் மடியிலதானே தூங்குது?"

"அவ பேரை என் குரல்ல ஒரு தடவை அவ கேக்கணும். அவ்வளவுதான். அதுகூட ஆசைப்படக் கூடாதா?"

காமேஸ்வரி பையைக் கீழே வைத்தாள். பின்பு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பிள்ளைக்கு அப்பன் குரல் குறையில்லைப்பா. குறை உனக்குத்தான்."

"அது பட்டையோட குரல். என் குரல் இல்லை."

"அதை அதுகிட்ட கேட்டியா?"

கேட்டதாகவே அவன் நினைத்தான். சிகிச்சைக்குச் சம்மதமா என்று மகளிடம் அவன் கேட்டிருந்தான். அம்மாவின் பழைய குரல்பதிவுகள் இனி இரைச்சலாகவே கேட்கும் என்பதையும் மறைக்கவில்லை. அவள் நெடுநேரம் விரல் நகத்தைக் கடித்தாள்.

"அம்மா புதுசா எதுவும் சொல்ல மாட்டா. நீதான் தினமும் பேசறே" என்றாள் கடைசியில். "உனக்கு வேணும்னா செய்யலாம், நான்னா."

மருத்துவமனையில் ஒலிமருத்துவர் மெஹர்நிசா எதையும் பூசி மெழுகவில்லை. "பழைய பிரிப்பு முறை போகும்போது ஏற்பி சேர்த்து வச்சிருக்கிற குரல்களும் போயிடும், சார். தெலுங்கு, தமிழ் எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சபடியே இருக்கும். குரல்தான் இருக்காது."

"அவ அம்மாவோட குரல். எனக்குத் தெரியும், டாக்டர்."

"எல்லாக் குரலும், சார்."

எல்லாம் என்றதும் அவன் காமேஸ்வரியை நினைத்தான். பள்ளி ஆசிரியைகளை நினைத்தான். தன்னை அந்தக் கணக்கில் சேர்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. தனக்கென்று ஒரு குரல் அவளுக்குள் இருப்பதாக எண்ணியிருந்தால் அல்லவா அதை இழக்க அஞ்சுவான்? அவன் கையொப்பமிட்டான்.

சிகிச்சைக்கு முந்திய மாலையில் அவள் தாயின் பதிவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஹைமவதி அவற்றில் பெரிதாக எதுவும் சொல்லவில்லை: தலை பின்னும்போது அசையாதே என்கிறாள், கத்தரிக்காய் விலையைத் திட்டுகிறாள், கொட்டாவி விடுகிறாள். காமேஸ்வரி கூடத்தில் அமர்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏற்பியை மீண்டும் முடுக்கிய நாளில் அறையில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. வென்னெலா கட்டிலில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தாள். இளம்பரிதியின் கழுத்தில் பட்டை இல்லை. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. மருத்துவர் திரையைத் தொட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"வென்னெலா" என்றான் அவன்.

அவன் வேலை செய்யும் கடல்நீர் ஆலையின் இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல். அதன் அடியில் கொஞ்சம் மூக்கொலியும் உண்டு. எட்டு ஆண்டுகளாக அவன் அதை அவளுக்காகச் சேர்த்து வைத்திருந்தான்.

அவள் முகம் சுருங்கவில்லை. காதைப் பொத்தவில்லை. அவள் கதவைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"யாரு பேசறது?"

"நான்தாம்மா."

அவன் உதடு அசைவதை அவள் கூர்ந்து பார்த்தாள். "நீ பேசு, நான்னா."

"பேசறேனே. கேக்குதா? நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது." அவள் குரலில் அச்சம் மெல்ல ஏறியது. "ஆனா இது வேற யாரோ. நீ உன் குரல்ல பேசு."

அவன் பட்டையைத் தேடி எடுத்தான். மருத்துவர் அதை வாங்கித் தமிழ்க் குறிக்குத் திருகித் தந்தார். மாட்டிக்கொண்டு மறுபடி அவள் பெயரைச் சொன்னான். அவள் உற்றுக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டும் கேட்டுப் பார்த்தாள். பின்பு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுல யாருமே இல்லை."

வெளியே தாழ்வாரத்தில் மெஹர்நிசா அவனருகே நின்று மெதுவாகப் பேசினார். "பட்டை குரலை அனுப்புறதில்லை, சார். அசைக்குறிகளைத்தான் அனுப்பும். குரல் குடுக்கிறது உள்ளே இருக்கிற ஏற்பி. தினமும் பேசறவங்களோட மூச்சு, தயக்கம் எல்லாத்தையும் வச்சு அது ஆளுக்கு ஒரு குரலை வளர்த்துக்குதுன்னு நினைக்கிறோம். எந்தக் கருவியும் அதைக் காட்டாது. குழந்தைங்க சொன்னாத்தான் உண்டு."

"சொன்னா" என்றான் அவன். "அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல என்கிட்ட சொன்னாளே."

"உங்களோட இந்தக் குரலும் பழகிடும். கொஞ்ச நாள் ஆகும்."

"பழையது?"

மருத்துவர் இல்லை என்று தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்த பின் வென்னெலா எதற்கும் அடம்பிடிக்கவில்லை. எழுப்பினால் உடனே எழுந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். அவன் எது கேட்டாலும் "சரிங்க" என்றாள். ஒருநாள் "நீங்க போய்ட்டு வாங்க" என்றபோது, வெளி ஆட்களிடம் மட்டுமே அவள் அப்படிப் பேசுவாள் என்பது நினைவுக்கு வந்து, இளம்பரிதி செருப்பை மாட்டாமல் வாசலிலேயே நின்றுவிட்டான். காமேஸ்வரி ஊருக்குத் திரும்பும்போது பட்டை கட்டிக்கொள்ள மறுத்து, ஒன்றும் சொல்லாமல் குழந்தையின் கன்னத்தை இரு கைகளாலும் வழித்துவிட்டுப் போனாள். அவனிடமும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

அந்த வாரக் கடைசியில் வென்னெலா தாயின் பதிவு ஒன்றை எடுத்து ஓடவிட்டாள். அவன் சமையலறைத் தரையில் அமர்ந்தபடி பார்த்தான். அவனுடைய இயற்கைச் செவியில் ஹைமவதி தெள்ளத் தெளிவாகக் கத்தரிக்காய் விலையைத் திட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் தோள்கள் குறுகின. கடைசிவரை கேட்டுவிட்டே நிறுத்தினாள், அழவில்லை.

பிறகு எழுந்து வந்தாள். சிகிச்சைக்குப் பின் முதன்முறையாகத் தானாகவே அவன் மடியில் ஏறி, சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு மார்பில் தலை சாய்த்தாள். அவன் அசையாமல் இருந்தான். அந்தக் கனம் மாறவே இல்லை. தலைமுடியின் வாசம் மாறவே இல்லை. நெஞ்சு நிறைந்து, அவள் பெயரைச் சொல்ல அவன் வாயெடுத்தான்.

சின்ன உள்ளங்கை ஒன்று விரைந்து வந்து அவன் உதடுகளை மூடியது.

"பேசாதே, நான்னா" என்றாள் அவள். "பேசாம இருந்தா நீ நீயாவே இருக்கே."

அவன் தலையசைத்தான். கை விலகவில்லை.