சொல்லாமல் வரவேண்டிய வீடு

இந்தக் காலத்துச் சனத்துக்கு என்ன பிடித்திருக்கிறதென்று சிமியோனுக்கு விளங்குவதேயில்லை. இருக்கிற வீட்டைப் பூட்டிப்போட்டு, ஆரோ செத்து அழிந்த வீட்டைப் பார்க்கக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். பார்த்தால் மட்டும் போதாது, அதற்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிப் படமும் பிடிக்கவேண்டும். கோட்டைதான் வேண்டுமென்றால் அவர் இருக்கிற குருநகரிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒன்று கிடக்கிறது. ஒல்லாந்தன் கட்டியது. சண்டை முடிந்தபிறகு அங்கே கூலிக்குக் கல் கிளறப் போனவர் சிமியோன். அந்தக் கற்களுக்கடியில் என்ன கிடந்ததென்று கண்ணால் கண்டவர். இப்போது பின்னேரங்களில் இளசுகள் அதே மதிலில் ஏறியிருந்து ஐஸ்கிறீம் குடிக்கிறார்கள். அவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

அந்தப் பைத்தியம் தன்னுடைய மகளையும் பிடித்ததுதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஜெயனி அவருக்கு ஒரே பிள்ளை. ஜெர்மனிக்குப் போய், ஒரு வயோதிபர் இல்லத்தில் கிழடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டு, விசாவுக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடந்தாள். தாய் மரியநாயகி செத்தபோதும் வர முடியவில்லை. போனில்தான் அழுதாள். கடைசியில் கடதாசி கிடைத்தது. கிடைத்ததும் தாயின் கல்லறைக்கா ஓடி வந்தாள்? முதுகுப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கூட்டிப்போக ஒருவரும் இல்லாமல், தானே ரயிலுக்கு ரிக்கற் போட்டு, தானே படுக்க இடம் பிடித்து, மலையுச்சிக் கோட்டைகளும் பழைய பட்டினங்களும் பார்க்கத் தனியே வெளிக்கிட்டாள். இத்தனை வருடம் ஒரு அறைக்குள் கிடந்தவள், கொஞ்சம் காலாற நடந்துவிட்டு ஊருக்கு வருகிறேன் என்றாள். சிமியோன் சொல்ல வாய் திறந்தால் தூஷணம்தான் வந்திருக்கும்.

இப்போது வந்துவிட்டாள். அவருக்கு எதிரே மேசையில் இருந்து சாப்பிடுகிறாள்.

மத்தியானம். ஒட்டி மீன் குழம்பு வைத்திருந்தார். சின்ன வயதில் ஜெயனி மீனைச் சாப்பிடுகிற விதத்தைப் பார்த்துத் தாய் திட்டுவாள். தலையைக் கடித்து, முள்ளைச் சப்பித் துப்பி, தட்டைச் சுற்றி ஒரு குப்பைமேடே கிடக்கும். இன்றைக்கு அவள் சத்தமில்லாமல் சாப்பிட்டாள். சதையை எடுத்து வாயில் வைத்தாள், முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். இன்னொரு முள், அதற்குப் பக்கத்தில். கை கழுவ அவள் எழும்பிப் போனபிறகுதான் சிமியோன் தட்டைப் பார்த்தார். நடுமுள், அதற்கு இரண்டு பக்கமும் விலா முட்கள், செட்டை முட்கள், மேலே தலையோடு. ஒன்று குறையாமல், ஒன்று இடம் மாறாமல். முழு மீன் ஒன்று சதையைக் கழற்றி வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

கிணற்றடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் தட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோழிகளுக்குக் கொட்டினார். கோழிகள் கிட்ட வரவில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் அந்த நாடுகளில் திரிந்தபோது ஒவ்வொரு பின்னேரமும் போனில் முகம் காட்டிக் கதைப்பாள். கருங்கல் மதிலும், கூர்க் கோபுரமும், இரும்புக் கதவும் காட்டுவாள். சிமியோன் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள், பேர் அவருடைய வாயில் நுழையாத ஒரு மலைக்கோட்டையில், வேதக்கோயிலுக்குக் கீழே இருக்கிற நிலவறைக்குள் இறங்கியிருந்தாள். சுவர் முழுக்க மனித எலும்பு. மண்டையோடுகளை வரிசை வரிசையாக அடுக்கி, கை கால் எலும்புகளால் பூவும் வளைவும் செய்து வைத்திருந்தார்கள். கொள்ளைநோயில் செத்த சனமாம். உள்ளே வேறு ஒருவரும் இல்லை. அவள் போனைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தாள். வாசலில் நின்று திரும்பி, அந்த மண்டையோடுகளைப் பார்த்துக் கையசைத்துச் சிரித்தாள்.

"சரி, அப்ப நான் போட்டு வாறன், என்ன."

 எந்த வீட்டிலும் போட்டு வாறன் என்று சொல்லாமல் எழும்பினால் மரியாதையில்லை. செத்தவீட்டில் மட்டும் அப்படிச் சொல்லுவாரில்லை. சொன்னால் அந்த வாசலுக்குத் திரும்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும். அங்கே பேசாமல் எழும்பி, திரும்பிப் பாராமல் வரவேண்டும். வந்து கிணற்றடியில் தலையில் வார்த்தபிறகுதான் வீட்டுக்குள் கால் வைக்கலாம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அவர் ஏசினார். அவள் இன்னும் சிரித்தாள்.

"உது செத்தவீடில்லை அப்பா. ரிக்கற் எடுத்துப் பாக்கிற இடம்."

அந்த நேரம் போனுக்குள் ஒரு சத்தம் கேட்டது. பூசையில் முழந்தாளில் நிற்கிற சனம் எல்லாம் ஒன்றாக எழும்பும்போது வருமே, உடுப்புகள் உரசுகிற, மூட்டுகள் முறிகிற அந்தச் சரசரப்பு. அது அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. படம் அப்படியே நின்று, பிறகு அறுந்துபோனது.

அதற்குப்பிறகு போன் வரவில்லை. சிமியோன் தனக்குத் தெரிந்த மட்டும் அமத்திப் பார்த்தார். மணி போனது. ஒருவரும் எடுக்கவில்லை. சோறு இறங்காமல், கடற்கரைக்குப் போகாமல், கதிரையில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு கிழமை போயிருக்கும். காலையில் படலைக்கு வெளியே முதுகுப்பையோடு நின்றாள். ரயிலில் போனைக் களவெடுத்துவிட்டார்களாம். அதனால்தான் சொல்லாமல் வந்தாளாம். இனித் திரும்பிப் போகிற எண்ணமும் இல்லையாம்.

எத்தனை வருடம் கேட்கக் காத்திருந்த சொல். கட்டிப்பிடித்து அழவேண்டிய மனிதர் மூக்கைச் சுருக்கினார். அவளிலிருந்து பயணக் களைப்பின் வேர்வை மணம் வரவில்லை. ஈரச் சுண்ணாம்பு மணம் வந்தது. கோட்டையில் கல்லைப் புரட்டும்போது, வெயில் காணாத அடிக்கல்லிலிருந்து குளிராக ஒரு மணம் மேலெழும்பும். அதே மணம்.

அவள் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் சேமக்காலைக்குப் போனாள். தாயின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தப்போகிறாள் என்று அயல் முழுக்க மெச்சியது. சிமியோன் ஒரு நாள் பின்னாலே போய்ப் பார்த்தார். கொண்டுபோன மெழுகுதிரி கொளுத்தாமல் பக்கத்தில் கிடந்தது. அவள் கல்லறையில் காதை வைத்துக் குப்புறப் படுத்திருந்தாள். உதடு அசைந்தது. நிற்கும். பிறகு தலையாட்டுவாள். பக்கத்து வீட்டு மனுசியோடு வேலிக்குள்ளால் கதைப்பதுபோல.

அடுத்த வளவுப் பேதுருவிடம் இதைச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள். பேதுரு அறுந்த வலைக்கண்ணைப் பொத்திக்கொண்டே கேட்டார்.

"உமக்கு மகள் வராட்டிலும் குற்றம், வந்தாலும் குற்றம். உம்மை ஆர் காணும் திருப்திப்படுத்துறது?"

"அவளிலை ஒரு மாற்றம் தெரியுது."

"வெளிநாட்டுக்குப் போய் வந்தவை எல்லாருக்கும் மாற்றம்தான். கடைக்காரன் மிச்சக் காசு தந்தாலும் நீர் கள்ள நோட்டோ எண்டு வெயிலிலை பிடிச்சுப் பாக்கிற ஆள். பிள்ளையையும் பிடிச்சுப் பாக்கிறீர்."

பிறகு சும்மா இருக்காமல் தன் மச்சாளின் கதையையும் எடுத்துவிட்டார். கனடாவிலிருக்கிற பேரனின் முகத்தோடும் குரலோடும் ஆரோ போனில் வந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று அழுது, கிழவி கழுத்திலிருந்ததை விற்று அனுப்பிப்போட்டாளாம். பேரன் அந்த நேரம் நல்ல நித்திரையாம். இப்போது மெசினே முகம் செய்கிறது, மெசினே அழுகிறது. பேதுரு விழுந்து விழுந்து சிரித்தார். சிமியோன் சிரிக்கவில்லை.

அன்று மழைக்கோலம். பின்னேரமே இருட்டிக்கொண்டு வந்தது. கடல் இரைச்சல் இல்லாமல், ஈயம் வார்த்ததுபோலக் கிடந்தது. காயப்போட்ட கருவாட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, விறாந்தைக் கதிரையில் இருந்து, படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் சிமியோன். மகள் சேமக்காலைக்குப் போய் நேரமாகிவிட்டது. காற்று அசையவில்லை. பனையோலைகூடச் சத்தம் போடவில்லை. வீட்டுக்குள்ளிருந்து மட்டும், பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததுபோல, அந்தச் சுண்ணாம்பு மணம் மெல்ல மெல்ல விறாந்தைக்கு வந்து அவருடைய காலடியில் நின்றது.

போன் அடித்தது.

ஜெயனியின் படம். பழைய நம்பர்.

எடுத்தார். முதலில் இருட்டு. பிறகு அரைவாசி முகம். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, தலைமயிரில் வெள்ளைத் தூள். பின்னால் வட்டம் வட்டமாக என்னவோ, வரிசை வரிசையாக.

"அப்பா."

அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"அப்பா, கதவைக் காணேல்லை. சுத்திச் சுத்தி வாறன், கதவைக் காணேல்லை. இவையள் விடுகினமில்லை. நான் வாறன் எண்டு சொன்னனானாம்."

"வையுங்கோ அப்பா."

இது பின்னாலிருந்து. வீட்டுக்குள்ளிருந்து. படலை திறந்த சத்தம் இல்லை. ஆரும் படியேறவில்லை. ஆனால் தலையைத் திருப்பிப் பார்த்தால், அவருடைய முதுகுக்குப் பின்னால், வாசல் நிலையில், ஜெயனி நின்றாள். நல்ல முகம். நிறைந்த முகம். முழங்கால்வரை மண்.

"போனைக் களவெடுத்தவங்கள்தான் எடுக்கிறாங்கள். இப்ப முகத்தையும் செய்வாங்கள், குரலையும் செய்வாங்கள். பேதுரு மாமாவும் சொன்னவர்தானே. வையுங்கோ."

நிதானமான குரல். நியாயமான கதை. அவள் சொல்வதில் ஒரு பிழை பிடிக்க அவரால் முடியவில்லை. போனுக்குள் மற்றவள் அழுதாள். அழுவது ஜெயனி அழுகிற மாதிரித்தான், மூக்கால். அதுவும் செய்யலாமாம். மெசின்.

சிமியோன் யாரையும் நம்பாமலே காலம் தள்ளிய மனிதர். நோட்டைப் பிடித்துப் பார்ப்பதுபோல இதையும் பிடித்துப் பார்க்க ஒரு வழிதான் தெரிந்தது. மரியநாயகி சாகிறபோது பக்கத்தில் இருந்தவர் அவர் மட்டும். அவள் கடைசியாகச் சொன்னதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. சுவாமியாருக்குக்கூட.

போனைப் பார்த்துக் கேட்டார்.

"கொம்மா கடைசியா என்ன சொன்னவ?"

அழுகை நின்றது. வெடித்த உதடு திறந்தது.

"எனக்கெப்பிடியப்பா தெரியும்? நான் அங்கை இல்லையே. நித்திரையிலை போனவ எண்டுதானே நீங்கள் சொன்னனீங்கள்."

சரி. தெரியாது. பொய்க்காரி. அவருக்கு மூச்சு வந்தது.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"பிள்ளை வந்தால், நான் அவளோடை கோவத்திலைதான் போனனான் எண்டு சொல்லிப்போடாதையுங்கோ. அதுதானே அப்பா சொன்னவ?"

சொல்லுக்குச் சொல் அதுதான். மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கி.

சிமியோன் திரும்பவில்லை. தெரியாது என்றவள் சரியாகத்தான் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும்? ஆருக்குத்தான் தெரியும்? அவருக்குத் தெரியும். இன்னொருத்திக்குத் தெரியும். அவள் மண்ணுக்குள்.

"நான் கேட்டனான்," என்றாள் வாசலில் நின்றவள். "இப்ப கோவமில்லையாம். வந்திருக்கிறா."

உள்ளறையில் சத்தம். ஒரு கால் ஊன்றி, மறுகால் இழுபட்டு. ஊன்றி. இழுபட்டு. நீர் கட்டி வீங்கிய காலோடு மரியநாயகி கடைசி வருடம் முழுக்க அடுப்படிக்கும் அறைக்கும் நடந்த நடை. சீமெந்துத் தரையில் மண் அரைபடுகிறது. சுண்ணாம்பு மணத்தோடு இன்னொரு மணம். அதை அவர் கோட்டையில் கல் கிளறும்போது அறிந்தவர்.

எழும்பினார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். செருப்பைத் தேடவில்லை. படி இறங்கினார். முற்றம். படலை. றோட்டு. மழை முதல் துளி போட்டது.

பைக்குள்ளிருந்து, நெஞ்சோடு ஒட்டி, "அப்பா, கேக்குதோ? அப்பா."

பின்னாலிருந்து, கடைசி எழுத்தை இழுத்து, மரியநாயகி ஒருத்தி மட்டும் கூப்பிடுகிற மாதிரி, "இஞ்சேருங்கோ."

ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். வாசல் வெளிச்சத்தில் ஜெயனி நின்றாள். படி இறங்க மாட்டாத ஆளைத் தாங்குவதுபோல ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள், ஆதரவாக. அந்தக் கையை உள்ளேயிருந்து இன்னொரு கை பிடித்திருந்தது. மணிக்கட்டுவரைதான் தெரிந்தது. பிடித்த விரல்களுக்குள்ளால் மணல் விழுந்துகொண்டிருந்தது.

"பொய்," என்றார் சிமியோன்.

எதைச் சொன்னாரென்று அவருக்கே தெரியாது. பைக்குள் அழுததையும் அவர் நம்பவில்லை, வாசலில் நின்றதையும் நம்பவில்லை. கடற்கரைப் பக்கம் திரும்பி, வெறுங்காலோடு நடந்தார். பின்னால், மெதுவாக, ஒரு கால் படியில் ஊன்றியது.