ரோஜா எந்தப் பக்கம்?

ஹில்டா ஹெய்க் திரைச்சீலைப் பொட்டலத்தை போலீஸ் சார்ஜென்ட் ஏமஸ் கிளெக்கின் சமையலறை மேஜையில் தொப்பென்று போட்டாள்.

"என்னைத் திருடிங்கறா, சார்ஜென்ட்! புதுத் திரையை நான் என் வீட்டுல மாட்டி, கறையாக்கி, அப்புறம் அவ தலையில கட்டினேனாம். கம்பெனிக்கும் எழுதிட்டா. கேட்லாக்கைப் பிடுங்கிட்டாங்க. தெருவுல ஒருத்தி என் வாசப்படி ஏறலை."

கம்பெனியின் கேட்லாக்கைக் காட்டித் தெருவில் ஆர்டர் பிடிப்பதுதான் ஹில்டாவின் பிழைப்பு. 'அவ' என்றது மிஸஸ் பிக்கர்ஸ்டாஃபை. தேவாலய மாதர் சங்கத் தலைவி. தூய இல்லமே தேசத்தின் வலிமை என்று மாதம் தவறாமல் முழங்குபவர். ஹிட்லர் தோற்றதில் தன் வீட்டுத் தரை மெழுகுக்கும் பங்குண்டு என்று நம்புபவர்.

ஓல்டாமின் அந்தத் தெருவில் எல்லா வீடும் ஒருவருக்கே சொந்தம். ஆலை விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவர் ஆளனுப்பி, எல்லா ஜன்னல் சட்டங்களுக்கும் உள்ளும் புறமும் ஒரே பச்சை அடித்தார். மிஸஸ் பிக்கர்ஸ்டாஃப் ஆர்டர் செய்த திரை ஹில்டா வீட்டுக்குப் பார்சலில் வந்ததும் அன்றுதான். மறுநாள் காலை அதைக் கொடுத்துவிட்டு ஹில்டா தெருவோடு சேர்ந்து பிளாக்பூல் கடற்கரைக்கு ரயில் ஏறினாள். பிக்கர்ஸ்டாஃப் குடும்பம் மட்டும் போகவில்லை. கூட்டத்தோடு கடல் பார்ப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைவு. எல்லாரும் திரும்பி வந்தபோது, பிரித்தபோதே கறை இருந்தது என்று திரை ஹில்டாவிடமே திரும்பிவிட்டது.

கிளெக் விரித்துப் பார்த்தார். ரோஜாக்களின் மேல் பச்சைத் தீற்றல். வெளிறிய பின்பக்கம் சுத்தம்.

"பச்சை ரெண்டு வீட்டுலயும்தான் இருக்கு, அண்ணே," என்றாள் அவர் தங்கை நெல்லி, கோட்டை மாட்டிக்கொண்டே. "அதை வச்சு யாரைப் பிடிக்கறது?"

"நிறத்தை விடு. வா, ஜன்னல் பார்க்கலாம்."

ஹில்டா வீட்டு ஜன்னல் திரை தெருவுக்கு வெளிறிய முதுகைக் காட்டியது. பிக்கர்ஸ்டாஃப் ஜன்னலில் பெரிய பெரிய துலிப் பூக்கள். "அட, தெருவே அழகாயிடுச்சு!" என்றாள் நெல்லி.

ஹில்டாவோடு மூவரும் அந்த வீட்டுப் பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். முன்வாசல் பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்கும் மட்டுமே திறப்பது. முன்னறையில் துலிப் ஒன்றுகூட இல்லை; திரையின் வெளிறிய முதுகைப் பார்த்தபடி மிஸ்டர் பிக்கர்ஸ்டாஃப் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கிளெக் ஜன்னல் சட்டத்தை விரலால் மெல்லத் தடவினார்.

"அந்தப் பொம்பளையையும் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றார் மிஸஸ் பிக்கர்ஸ்டாஃப்.

"ஒரே ஒரு உதவி, மேடம். இந்த ரோஜாத் திரையைக் கொஞ்சம் மாட்டிக் காட்டுங்க. இதுல உங்களுக்குத்தான் ரசனை அதிகம்."

ரசனை என்றதும் தலைவி குளிர்ந்தார். துலிப்பைக் கழற்றி, ஒரு நொடிகூட யோசிக்காமல், ரோஜாக்களைத் தெருப்பக்கமாக மாட்டினார். திரையின் தீற்றல் சட்டத்தின் தாழ்ப்பாள் மேல் அப்படியே பொருந்தியது.

"ஹில்டா பூவை அறைக்குள்ள காட்டி மாட்டறவங்க," என்றார் கிளெக், குரல் உயராமல். "அவங்க ஜன்னல்ல ஈரப் பெயின்ட் பட்டிருந்தா முதுகுலதான் பட்டிருக்கும். இது பூ மேல பட்டிருக்கு. பூவைக் கண்ணாடிப் பக்கம் திருப்பறது நீங்க. நம்பிக்கை இல்லேன்னா தாழ்ப்பாளுக்குக் கீழே பாருங்க, பெயின்ட் காயறதுக்குள்ள துணி ஒட்டி, நெசவு அப்படியே பதிஞ்சிருக்கு."

நெல்லி குனிந்து பார்த்தாள். "ஆமாண்ணே! இழை இழையா!"

"விருந்தாளிங்க வந்தப்போ கறை படலை," என்றார் மிஸஸ் பிக்கர்ஸ்டாஃப். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"என் மகனுக்குப் பேசின பொண்ணோட அப்பா அம்மா," என்றார் மிஸ்டர் பிக்கர்ஸ்டாஃப், கோப்பையைப் பார்த்தபடி. "ஞாயித்துக்கிழமை டீக்கு வந்தாங்க. கார்ல."

"நீங்க சும்மா இருங்க!" தலைவி ஹில்டாவிடம் திரும்பினார். "சரி, ஏதோ நடந்துபோச்சு. கம்பெனிக்கு ரெண்டு வரி எழுதிடறேன். நமக்குள்ள இருக்கட்டும், என்ன?"

ஹில்டாவின் முகம் கழுத்து வரை சிவந்தது.

"நமக்குள்ளயா? என்னைத் திருடின்னு நமக்குள்ளயா சொன்னீங்க?" அவள் போய் முன்வாசல் தாழ்ப்பாளை இழுத்தாள், பழக்கமில்லாத கதவு முனகிக்கொண்டு திறந்தது. எதிர்ப் படிகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"எல்லாத்தையும் தெருவைப் பார்த்துத்தானே மாட்டுவீங்க, மிஸஸ் பிக்கர்ஸ்டாஃப்? வாங்க. இந்த உண்மையையும் தெருவைப் பார்த்தே மாட்டுங்க."