பிரேமா என்று இங்கே யாரும் இல்லை

மணி ஒற்றையாகத்தான் அடித்தது. பத்மப்ரியா அதைக் காதில் வாங்கிக்கொண்டாள், மனதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. வெளியே கர்க்கடக மாசத்து ஆடி மழை ஆஸ்பத்திரியின் தகரக் கூரைமேல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஓ.பி. கிடையாது என்பதால் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பெரிய கூடத்தில் விளக்குகளை அணைத்திருந்தார்கள். வரிசையாகக் கிடந்த காலி நாற்காலிகளிலிருந்து பினாயிலும் நேற்று வந்துபோன ஜனங்களின் ஈரக் குடை வாடையும் கலந்து, தடுப்பில் இருந்த சின்னத் துவாரம் வழியாக டெலிபோன் அறைக்குள் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"அக்கா, நான் வள்ளியூர்லருந்து பேசுதேன். பிரேமாவோட அண்ணன்." ஓர் ஆண்குரல் அழுதது. "எங்கம்மா காலையில தவறிட்டா. தங்கச்சி உசிரோட இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்தப் பெயரைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று போலீஸே வந்து சொல்லிவைத்திருந்தது: பிரேமா என்று இங்கே யாரும் இல்லை. பத்து நாளைக்கு முன் ஆரியசாலை வாடகை அறையில் புருஷன் வீரபாண்டி அவளை அரிவாளால் வெட்டிவிட்டு ஓடியிருந்தான். கொத்தனார், இன்னும் அகப்படவில்லை. வெட்டு விழுந்த தாடையைக் கம்பி போட்டுக் கட்டி, வாயைத் திறக்க முடியாமல் பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறையில் அவள் படுத்திருந்தாள்.

மலையாளத்தில் யார் எப்படிக் கெஞ்சினாலும் பத்மப்ரியா மசிய மாட்டாள். ஆனால் நாள் முழுக்க மலையாளம் கேட்டுத் தேய்ந்த காதில், அப்பாவின் திருநெல்வேலித் தமிழ், அதுவும் அழுதுகொண்டு வந்து விழுந்தால்? தானாடாவிட்டாலும் தசையாடும் என்பார்கள். ஆடித் தொலைத்தது.

"அழாதீங்கோ. மூணாவது மாடியில இருக்கா. நன்னா இருக்கா."

அழுகை நின்றது. ஒரு மூச்சு. அப்புறம் சிரிப்பு.

"பிராங்க்குக்கா! சும்மா பிராங்க்!"

போனை வைத்துவிட்டான்.

இதே நாற்காலியில்தான் போன மாதம்வரை ஆஷா உட்கார்ந்திருந்தாள். மகன் பேசுகிறேன் என்ற ஒரு குரலை நம்பி, ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று சொல்லிவிட்டாள். பேசியவர்கள் ஏதோ யூட்யூப் பையன்கள். சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போட்டார்கள். அந்த நோயாளியால் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. ஆஷாவை அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பினார்கள், அவள்மேல் கேஸும் நடக்கிறது. பையன்கள் மன்னிப்பு வீடியோ போட்டார்கள். அதையும் லட்சம் பேர் பார்த்தார்கள்.

இனி என் குரலுக்கும் ஊர் சிரிக்கும் என்று நினைத்தாள். வேலை போகும். வாதத்தில் விழுந்த அப்பா சேஷனுக்கு இதே ஆஸ்பத்திரியில்தான், இவள் உத்தியோகத்தின் தயவில்தான், வைத்தியம் நடக்கிறது. அதுவும் போகும்.

அப்போதுதான் மணி நினைவுக்கு வந்தது.

வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு மணி இரண்டிரண்டாக அடிக்கும். ஒற்றையாக அடித்தால் கட்டடத்துக்குள்ளிருந்து. எண்ணைப் பார்த்தாள். 109. இதே கூடத்தில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் மாட்டிய போன். இங்கிருந்து நாற்பது அடி.

கண்ணாடி வழியே பார்த்தாள். இருட்டுக் கூடத்தில் யாரும் இல்லை. வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் ஈரக் காலடிகள் மட்டும் போயிருந்தன. திரும்பி வரவில்லை.

வாசல் காவல் அஜீஷைக் கூப்பிட்டாள்.

"மூணாம் மாடியில யாரோ சுத்தறான்னு தோண்றது அஜீஷ். ஒண்ணு போய்ப் பாரேன்."

"ஆரு சொன்னது சேச்சி?"

நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அவன் ஏறிப்போய்விட்டான் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியம் ஆஷாவை அனுப்பிய வாசல் வழியாக அவளையும் அனுப்பிவிடும்.

"ஒரு கால் வந்தது," என்றாள்.

"அது பிராங்க் ஆயிருக்கும் சேச்சி. போன வாரம் பாம் இருக்குன்னு சொல்லி என்னை நாலு மாடி ஓட வெச்சான்க. முட்டி இன்னும் வலிக்குது." வைத்துவிட்டான்.

மூன்றாம் மாடி நர்ஸ் மேஜைக்குப் போட்டாள். அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. டியூட்டியில் இருந்த ஸ்மிதா எடுக்கவில்லை.

மறுபடி மணி. ஒற்றையாக. 309, மூன்றாம் மாடி லிஃப்ட் பக்கம்.

"அக்கா." இப்போது சிரிப்பு இல்லை. "இங்க பதினாலு கதவு இருக்கே. எது?"

"நான் போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. யாரு சொன்னான்னு மொதல்ல கேப்பாவ."

அவன் போனை வைக்கவில்லை. தொங்கவிட்டுப் போயிருக்க வேண்டும். ஹெட்போனில் ரிசீவர் சுவரில் இடிபடுகிற சத்தமும், அதற்குப் பின்னால் ஈரச் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டி எழுகிற சத்தமும் கேட்டன. ஒரு கைப்பிடி திருகப்பட்டது. ஒரு கிழவர் இருமினார், "ஆரா?" என்றார். கதவு சாத்தப்பட்டது. செருப்பு. அடுத்த கைப்பிடி. பூட்டியிருந்தது. செருப்பு.

மேஜையில் இருந்த இன்னொரு போனை எடுத்து, போலீஸின் 112க்காக ஒன்று, ஒன்று என்று அழுத்தினாள். இரண்டை அழுத்தவில்லை. யாரு சொன்னான்னு கேப்பாவ.

வேறு வழி இருக்கிறது. பிரேமாவிடமே சொல்லிவிடலாம். உள்ளே தாழ் போட்டுக்கொள், யார் தட்டினாலும் திறக்காதே. போலீஸ் வேண்டாம், மேனேஜர் வேண்டாம், யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். புத்திசாலித்தனம் என்றே நினைத்தாள், பாவி. பிரேமாவின் அறை எண் 312ஐ அழுத்தினாள்.

வலது காதில் போன் அடிப்பது கேட்டது. இடது காதில், ஹெட்போனுக்குள், தொங்குகிற ரிசீவர் வழியாக, அதே மணி அந்த நடைபாதையில் அடிப்பதும் கேட்டது.

செருப்புச் சத்தம் நின்றது.

திரும்பியது.

பத்மப்ரியா படீரென்று போனை வைத்தாள். ஹெட்போனில் மணி ஓய்ந்தது. செருப்பு ஓயவில்லை. வேகமாக. ஓட்டமாக.

கைப்பிடி. திருகப்பட்டது. திறந்தது.

கட்டில் இழுபட்டது. கண்ணாடி உடைந்தது. இரும்புக் கம்பம் ஒன்று சாய்ந்து விழுந்தது. அப்புறம் அந்தச் சத்தம். ஈரமான, கனமான சத்தம், தேங்காய் பிளக்கிற மாதிரி. ஒன்று. இரண்டு. எலும்பில் பட்டது. மூன்று. அலறல் இல்லை. மூக்கு வழியாக ஒரு முனகல் மட்டும், பூட்டிய பல்லுக்குப் பின்னாலிருந்து, உயர்ந்து உயர்ந்து போய் அறுந்தது. நாலு. ஐந்து. முனகல் நின்ற பிறகும் ஆறு. ஏழு.

மழை கொட்டியது.

ஹெட்போனைக் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை. அஜீஷின் எண் கண்ணெதிரே இருந்தது. அழுத்தவில்லை.

லிஃப்ட் இறங்குகிற சத்தம். கதவு திறந்தது. கூடத்து இருட்டுக்குள், உள்ளிருந்து விழுந்த மஞ்சள் வெளிச்சத்தில், ஒல்லியான ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும். சட்டையின் முன்பக்கம் முழுக்கக் கறுத்து நனைந்திருந்தது. இடது கையில் சிக்கிச் சுற்றியிருந்த பிரேமாவின் தாடைக் கட்டுத்துணி அவிழ்ந்து, சிவப்பாய், நாற்காலிகளுக்கு இடையே தரையில் இழைந்தபடி அவன் பின்னாலேயே வந்தது. அதன் நுனியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தாடைக் கம்பியில் ஒரு துண்டு, பல்லோடு. அவள் பார்த்துவிட்டாள்.

வாசலுக்குப் போகவில்லை. நேராகக் கண்ணாடித் தடுப்புக்கு வந்தான். துவாரத்துக்கு நேராகக் குனிந்தான். சிமெண்டும் ரத்தமும் கலந்த வாடை.

"ரொம்ப உபகாரம் அக்கா," என்றான், வீட்டுக்கு வந்த விருந்தாளி விடைபெறுகிற மரியாதையோடு. "நீங்க சொன்னதா நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களும் என்னப் பாக்கல. சரியா?"

விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். எடுத்தபோது உதடு சிவந்திருந்தது. அவன் போகவில்லை, அவள் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றான்.

பத்மப்ரியா தலையாட்டினாள்.