சப்பரம் நிற்கும் முக்கு

"பேண்டை நிறுத்தச் சொல்லுங்க. அப்பத்தான் நான் கதை சொல்லுவேன்."

ஆனந்தமேரி கேட்டேவிட்டாள். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா ஒரு வருடமாகச் சொல்லி வைத்திருந்தார்.

உபதேசியார் சூசை, அன்றைய திருவிழாவில் கதை சொல்லும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை மடித்தார். கிறிஸ்தவக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருகிறவர் அவர்.

"ஏ புள்ள, போன வருஷம் பட்டது பத்தலையா?"

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை உருட்டிக் காட்டினாள். அது ஆனந்தமேரியைப் போலவாம்!

திருவிழா அன்று சாயங்காலம் கோயில் சப்பரம் திண்டுக்கல் தெருக்களைச் சுற்றி வரும். ஒவ்வொரு தெருமுக்கிலும் சற்று நேரம் நிற்கும். அப்போது ஒரு பிள்ளை முக்காலியில் ஏறி, வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்களுக்குச் சேசுநாதர் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை கதை சொல்லும்போதும் சப்பரத்தோடு வரும் பேண்டு வாத்தியம் நிற்காது. நின்றால் பின்னால் வருகிற கூட்டம் கலைந்துவிடும் என்பார்கள். காலங்காலமாக அதுதான் வழக்கம்.

போன வருடம் இரண்டாவது முக்கில் ஆனந்தமேரி ஏறினாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஒரு எழுத்துப் பிசகாமல் கதை மனப்பாடம். வாயைத் திறந்தாள். பின்னால் பெரிய டிரம் அதிர்ந்தது.

மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். அவளுக்கோ மண்டைக்குள் உலக்கை போட்டு இடிப்பது போல. அவள் கைகள் தாமாகவே படபடவென்று உதறின.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினாள். காதைப் பொத்திக்கொண்டு சப்பரத்துக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொண்டாள். தெருவே சிரித்தது.

அம்மா அவளை வீட்டுக்கு இழுத்து வந்து கதவைச் சாத்தினார். "இனிமே வாயைத் திறந்து அதைக் கேக்கக் கூடாது. மானம் போச்சு" என்றார். பிறகு முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மானம் எந்த வழியாகப் போகும் என்று ஆனந்தமேரிக்குத் தெரியாது. ஆனால் அம்மா அழுததைப் பார்த்தாள். அன்று முதல் அந்த முக்கைத் தாண்டும்போதெல்லாம் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நடப்பாள். இரண்டு முறை மாட்டு வண்டியில் முட்டிக்கொண்டாள்.

"உன் பேரு பட்டியல்ல இல்ல. போயி மூக்காயிக்குப் பூ எடுத்துக் குடு" என்றார் உபதேசியார், மடித்த பட்டியலைப் பையில் போட்டபடி.

காதெல்லாம் எரிய, ஆனந்தமேரி பூ வைத்திருந்த அறைக்குப் போனாள்.

மூக்காயி சப்பரத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் பூக் கட்டுவார், இங்கேயும் அவர்தான்.

"என்ன தாயி, மொகம் இப்படிச் செவந்து கெடக்கு?"

"என்னால மானம் போச்சு."

"யாரு மானம்?"

"சரியாத் தெரியல. அம்மாவோடதா இருக்கும்."

மூக்காயிக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அடக்கிக்கொண்டார்.

"சரி, அப்படி என்ன கதைதேன் சொல்ல இருந்தே? எனக்குச் சொல்லு."

முகத்தைப் பார்த்தால் ஆனந்தமேரிக்குச் சொற்கள் சிதறிவிடும். அதனால் செவ்வந்திப் பூக்களைத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டே, பூக்களைப் பார்த்துச் சொன்னாள்.

"எரிக்கோன்னு ஒரு ஊரு. அங்க ரோட்டோரத்துல கண்ணு தெரியாத ஒருத்தர் பிச்சை எடுத்துக்கிட்டிருந்தார். அந்த வழியா சேசுநாதர் வந்தார், பின்னால பெரிய கூட்டம். கண்ணு தெரியாதவர் 'சேசுவே, என்னைப் பாருங்க'ன்னு கத்தினார். கூட்டத்துல இருந்தவங்க 'வாயை மூடு'ன்னு அதட்டினாங்க. அவர் இன்னும் சத்தமாக் கத்தினார்."

"அப்புறம்?"

"சேசுநாதர் நின்னுட்டார்."

"அம்புட்டுக் கூட்டத்தையும் நிறுத்திப்புட்டாரா?"

"ஆமா. நின்னு, அவரைக் கூப்பிட்டு, 'உனக்கு என்ன வேணும்'னு கேட்டார். 'கண்ணு தெரியணும்'னார். தெரிஞ்சிருச்சு."

மூக்காயியின் விரல்கள் நாரிலேயே நின்றுவிட்டன.

"பதினாறு வருஷமா இந்தக் கோயிலுக்குப் பூக் கொண்டாறேன். வருஷா வருஷம் முக்குல நின்னு பாக்குறேன். பிள்ளைக வாயி அசையிது. என்ன சொல்லுதுகன்னு ஒரு சொல்லு காதுல விழுந்ததில்ல தாயி."

"ஒண்ணுமே கேக்காதா?"

"பேண்டுதேன் கேக்கும்."

ஆனந்தமேரி பூ வைப்பதை நிறுத்தினாள். வரிசையில் பதினோரு பூ இருந்தது. பன்னிரண்டாவதை வைக்காமலே எழுந்தாள். அவள் அப்படிப் பாதியில் விடுகிறவளே இல்லை.

"எங்கிட்டுப் போறே?"

"பேண்டுக்காரங்ககிட்ட. கதை சொல்லும்போது மட்டும் நிறுத்தச் சொல்லிக் கேக்கப் போறேன்."

"உபதேசியாருகிட்டக் கேக்கலையா?"

"அவர்கிட்டக் கேட்டேன், அவர் வேணாம்னார். பேண்டுக்காரங்ககிட்ட இன்னும் யாருமே கேக்கலையே."

"அவுகளும் வேணாம்னா?"

"இன்னும் சத்தமாக் கேப்பேன்."

"சிரிப்பாக தாயி."

"சிரிப்பாங்க" என்று ஒத்துக்கொண்டாள் ஆனந்தமேரி. அம்மாவின் முந்தானை நினைவுக்கு வந்தது. காதில் எரிச்சல் இன்னும் போகவில்லை.

"நீங்க எந்த முக்குல நிப்பீங்க?"

"எப்பவும் ரெண்டாவது முக்குலதேன்."

எந்த முக்கை நிமிர்ந்து பார்க்காமல் ஒரு வருடம் கடந்து போனாளோ, அதே முக்கு.

"அப்ப அங்கயே சொல்றேன்."

மூலையில் கிடந்த முக்காலியை எடுத்துக்கொண்டாள். வெளியே பெரிய டிரம் ஒரு தரம் அதிர்ந்தது. அவள் தோள்கள் குலுங்கின.

முக்காலியை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வந்த பக்கமே நடந்தாள்.