மூன்றாவது நடுவில்

பழைய சாமான் எடுக்கப் போகிற வீட்டில் ரஹமத்துல்லா முதலில் மூக்கைச் சுளிப்பார். சுளித்தால் விலை பாதி இறங்கும். அன்று மானாம்பதியில் ராணியம்மாள் பின்னறைக் கதவைத் திறந்தபோது நடிக்க அவசியமே இல்லாமல் போயிற்று. தீபாவளி முடிந்த தெருவின் வாடை குப்பென்று அடித்தது.

"பட்டாசு வெச்சிருந்தீங்களா?"

"இல்ல பாய். அந்தப் போன்லேர்ந்து வருது."

மூலையில் பச்சைக் கான்வாஸ் உறைக்குள் ஒரு பட்டாளத்துப் போன். ஒயர் கிடையாது. நாலு வருஷம் முன்பு வடக்கே மலையில் நடந்த சண்டையில் அவள் புருஷன் தானியேல் பீரங்கிப் படையில் இருந்தவர். குண்டு எங்கே விழுகிறது என்று முன்னால் போய்ப் பார்த்துப் போனில் சொல்வது அவர் வேலை.

"மொதல் குண்டு தாண்டி வுழும். ரெண்டாவது முன்னாலயே வுழும். மூணாவது நடுவுல."

"நம்ம யாவாரம் மாதிரியே கீது. நீங்க ஆயிரம்னுவீங்க, நா நூறும்பேன், நடுவுல முடியும்."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு நாளு எதிரி கீற இடத்தக் கேட்டதுக்கு நம்ம பசங்க கீற இடத்தச் சொல்லிட்டாரு. ஒண்ணா துன்ன பசங்க, ஒருத்தனும் மிஞ்சல. போன வருசம் இந்த ரூம்லதான் செத்தாரு, இந்தப் போனக் காதுல வெச்சிக்கினே. சும்மாவே எடுத்துக்கினு போங்க பாய். அடிச்சா மட்டும் எடுக்காதீங்க."

சும்மா தருகிறேன் என்றால் வியாபாரி சந்தேகப்பட வேண்டும். ரஹமத்துல்லா சந்தோஷப்பட்டார்.

சாக்கு எடுத்து வர அவள் போனாள். மழை இறங்கியது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இழுத்தார். தோளால் இடித்தார். "ராணியம்மா!" என்ற கத்தல் அறையைத் தாண்டவில்லை. வாடை தொண்டைக்குள் இறங்கியது. சுவர்கள் நெருங்கி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

போன் அடித்தது.

அவர் எடுக்கவில்லை.

விடாமல் அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் மூச்சு குறைந்தது. கடைசியில், காலமெல்லாம் கடைப் போனை எடுத்துப் பழகிய கை தானாக எடுத்தது. சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொன்னது.

"உத்திரமேரூர், பஜார் தெரு, ரஹமத்துல்லா கடை."

அந்தப் பக்கம் ஈரமான மூச்சு. ஒருத்தருடையது இல்லை, பலருடையது.

"இடம் கெடச்சாச்சு."

கதவு திறந்துகொண்டது.

மொபெட்டை முறுக்கிப் பஜாருக்கு வந்து சேர்ந்தால், கடைக்குப் பின்னால் தென்னை கருகிச் சாய்ந்திருந்தது. வாசலில் தெரு பெயர்ந்து, மழையிலும் புகைந்தது. இடி என்று பேசிக்கொண்டார்கள். அவர் மரத்தைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார்.

நடுவில் கடை. உள்ளே விளக்கு.

"ஷாஜாதி! வெளிய வா!"

ஷட்டரைத் தூக்கினார். அசையவில்லை.

"இருங்க, போன் அடிக்குது," என்றாள் மனைவி உள்ளிருந்து. மழையில் போன வாரமே செத்துப்போன போன்.

"எடுக்காத!"

எடுத்துவிட்டாள். யாரோ பரிவாக விசாரித்திருக்க வேண்டும், அவள் குரல் குழைந்தது.

"ஆமாங்க... மொதல்ல பின்னாடி வுழுந்துச்சு. அப்பறம் வாசல்ல."

ரஹமத்துல்லா ஷட்டரை உதைத்தார்.

"நானா? நடுவுலதாங்க கீறேன்."