கோபம் தெரிந்த கீபோர்டு

மிளகுக்கு மூக்கு நுனியில் கோபம். அதனால்தான் வீட்டில் அந்தப் பெயர்.

"கடையில வாயை அடக்கு," என்று அப்பா பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார். "கீபோர்டு ஒரு தடவைதான் வாங்க முடியும். நிதானமாப் பாக்கணும்."

கடைக்காரர் பார்க்கவே விடவில்லை. மிளகின் விரல் கீபோர்டின் ஒரு கட்டையை நெருங்கியதும், "தொடாத பாப்பா" என்றார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"உங்க பட்ஜெட்டுக்கு இதுதான் சார். ஐந்நூறு விதமான சத்தம் வரும். கட்டையை அழுத்தினா லைட் எரியும்."

"லைட்டா?" என்றான் கூட வந்த தம்பி. அவன் அங்கேயே கட்சி மாறிவிட்டான்.

"வாசிக்கப் போறது நான்," என்றாள் மிளகு.

"கண்டிப்பா," என்றார் கடைக்காரர், அப்பாவைப் பார்த்தே.

ஒரு பொத்தானைத் தட்டினார். அவர் விரல்கள் கட்டைகளின் மேல் ஓடின. பாட்டு கடையை நிறைத்தது. அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். இசை பற்றி ஒன்றும் தெரியாது. வாய் பிளந்து நின்றார்.

"எவ்ளோ அழகா வாசிக்கிறீங்க சார்."

அப்போது போன் அடித்தது. கடைக்காரர் இரண்டு கைகளையும் எடுத்துச் சட்டைப்பையைத் துழாவினார். பாட்டு நிற்கவில்லை.

மிளகின் காது சூடானது. "அப்பா, அவர் வாசிக்கல. அதுவே பாடுது."

அப்பாவின் வாய் மூடிக்கொண்டது.

"அது டெமோ பாப்பா," என்றார் கடைக்காரர். "எல்லாக் கடையிலயும் இப்படித்தான் காட்டுவாங்க."

"அதை நிறுத்துங்க. நான் வாசிக்கணும்."

ஒரு கட்டையை மெல்லத் தொட்டாள். டிங். இருந்த கோபத்தையெல்லாம் திரட்டி ஓங்கி அழுத்தினாள். அதே டிங்.

"மெதுவாத் தொட்டாலும் ஓங்கி அடிச்சாலும் ஒரே சத்தம்தான்ப்பா. இதுல கோபமா வாசிக்கவே முடியாது."

"யாரு பாப்பா கோபமா வாசிப்பாங்க?"

"நான்."

அடித்தட்டில் கறுப்பாக ஒன்று கிடந்தது. மிளகு அதைக் காட்டினாள்.

"அது யாரோ வாசிச்ச பழசு. லைட் கிடையாது. முப்பது சத்தம்தான்."

"எடுத்து ப்ளக்கைச் சொருகுங்க," என்றார் அப்பா. 'சார்' காணாமல் போயிருந்தது.

மிளகு மெல்லத் தொட்டாள். முணுமுணுத்தது. ஓங்கி அழுத்தினாள். தம்பி காதைப் பொத்திக்கொண்டான். கடைக்காரர் ஓர் அடி பின்னால் போனார்.

அவள் அவசரப்படவில்லை. அறுபத்தொரு கட்டைகளையும் ஒன்று விடாமல் அழுத்திப் பார்த்தாள். எல்லாம் பேசின.

"இதுதான்."

"விலையும் கம்மி," என்றார் அப்பா.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவின் மடியில் கீபோர்டு நீட்டிக்கொண்டிருந்தது. லைட் போன வருத்தத்தில் இருந்த தம்பி அதன் கட்டைகளைத் தடவிப் பார்த்தான்.

"வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன வாசிப்ப?"

"அந்தக் கடைக்காரரை."

"ஆளை எப்படிக்கா வாசிக்கிறது?"

"ரெண்டு கையாலயும்," என்றாள் மிளகு. "ஓங்கி."